பழைய லாரி, புதிய எஞ்சின், பதினாறு பின் சாக்கெட்

ஹப்சிகுடா, நாச்சாரம், உப்பல் பக்கம் குடியேறிய நம்மவர்களில் சிறு லாரியை நம்பிக் குடும்பம் நடத்துவோர் உண்டு. தண்ணீர் கேன், காய்கறி, சிமெண்டு மூட்டை, வீடு மாற்றுவோரின் தட்டுமுட்டுச் சாமான் என்று கிடைத்த சுமையை ஏற்றிப் பிழைப்பவர்கள். அப்படிப்பட்ட வண்டி பல வருடம் ஓடிய பின் ஒரு கட்டம் வரும். சேஸிஸ் திடமாக இருக்கும். ஆக்சிலும் கியர் பாக்ஸும் இன்னும் தாங்கும். எஞ்சின் மட்டும் மூச்சு வாங்கும். ரீபோர் செய்து பார்த்தாயிற்று, மறுபடியும் புகை. புது வண்டிக்குத் தவணை கட்ட வழியில்லை. விபத்தில் சிக்கிய ஒரு புது மாடல் வண்டியின் எஞ்சின் நல்ல நிலையில் கிடைத்தால் போதும் என்ற முடிவுக்கு வண்டிக்காரர் வந்து விடுவார்.

எஞ்சினை மாற்றுவது நமக்குப் புதிய கலை அல்ல. இரண்டாம் உலகப் போரின் போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டுவதற்கான 'கேஸ் பிளாண்ட்' செய்து கொடுத்தார்கள். 1950களில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சினை இங்கே கொண்டு வந்தது. பெட்ரோல் லாரியின் எஞ்சினை இறக்கி விட்டு அதன் இடத்தில் பி-6 வைப்பது அக்காலத்தில் பல நாடுகளிலும் நடந்த வேலை. அம்பாசிடர் காரில் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்களை நம்மில் நடுவயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த மாற்றங்களில் எல்லாம் மெக்கானிக் கவனிக்க வேண்டியது நாலைந்து விஷயங்கள்தான். எஞ்சின் உட்காரும் மவுண்டிங், கிளட்ச், புரொப்பெல்லர் ஷாப்ட்டின் நீளம், ரேடியேட்டர், சைலன்சர் குழாய். எஞ்சின் ஓட ஆரம்பித்த பின் குறை வந்தால் அது சத்தத்தாலும் புகையாலும் சொல்லும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு, நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. காதும் கண்ணும் இருந்தால் போதும்.

இப்போது கிடைக்கும் காமன் ரெயில் டீசல் எஞ்சின் அப்படிப் பேசுவதில்லை. அதன் மூளை ஒரு சிறிய அலுமினியப் பெட்டிக்குள் இருக்கிறது. அது பேசுவது மின்சாரத்தில். அதன் பேச்சைக் கேட்க ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். அதுதான் டயக்னாஸ்டிக் சாக்கெட். எஞ்சினை மாற்றும்போது பெட்டியைக் கொண்டு வருகிறார்கள், வயரிங்கைக் கொண்டு வருகிறார்கள். இந்தச் சாக்கெட்டை மட்டும் பழைய வண்டியின் டாஷ்போர்டோடு காயலான் கடையில் விட்டு விடுகிறார்கள். "வண்டி ஓடுகிறதே, அது எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. அதற்கான பதிலே இக்கட்டுரை.

மெக்கானிக்குக்காக வந்ததல்ல, காற்றுக்காக வந்தது

இந்தச் சாக்கெட்டின் கதை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வாகனப் புகையால் திணறிய ஊர். புது வண்டி சோதனையில் நன்றாகத்தான் தேறுகிறது, இரண்டு மூன்று வருடத்தில் ஏதோ ஒரு பாகம் பழுதாகி விஷப் புகை விடுகிறது, ஓட்டுபவருக்கோ அது தெரிவதில்லை. எனவே புகையைப் பாதிக்கும் பழுதை வண்டியே கண்டுபிடித்து ஒரு விளக்கை எரிய விட வேண்டும் என்று அம்மாநிலம் விதி செய்தது. 1988 மாடலிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், கம்பெனிக்கு ஒரு பாஷை என்று இருந்ததால் வெளிப் பட்டறைக்காரர் திண்டாடினார். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவச் சாக்கெட், ஒரே வகைக் குறியீடு என்று கட்டாயமாக்கினார்கள். அதுவே ஓ.பி.டி.-2. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் இதே போன்ற விதி வந்தது.

நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதியோடு 1-4-2010 அன்று முதல் கட்டமும், 1-4-2013 அன்று இரண்டாம் கட்டமும் வந்தன. பாரத் ஸ்டேஜ் 4 முதலில் அமலான பெரு நகரங்களில் நம் ஹைதராபாத்தும் ஒன்று. நாடு முழுவதற்கும் 1-4-2017 அன்று அது விரிந்தது. 1-4-2020 முதல் பாரத் ஸ்டேஜ் 6. ஆகவே இந்த விதிகளின்படி வந்த வண்டியின் எஞ்சினை வாங்குபவர், வாசலோடு பிறந்த எஞ்சினை வாங்குகிறார் என்று பொருள். வாசலை அடைப்பதும் திறப்பதும் அவர் கையில்.

பெட்டி என்ன செய்கிறது?

பழைய டீசல் எஞ்சினில் பம்ப்பே ராஜா. எவ்வளவு டீசல், எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை அதன் கேமும் கவர்னரும் இரும்பாலேயே தீர்மானித்தன. காமன் ரெயில் எஞ்சினில் பம்ப்பின் வேலை அழுத்தம் ஏற்றுவது மட்டுமே. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் ஒரு பொதுக் குழாயில் காத்திருக்கும். எந்த இன்ஜெக்டரை எந்தக் கணத்தில் எத்தனை மைக்ரோ விநாடி திறப்பது என்பதைப் பெட்டி முடிவு செய்கிறது.

அப்படி முடிவு செய்ய அதற்குச் செய்தி வேண்டும். கிராங்க் ஷாப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது. கேம் ஷாப்ட்டுக்கு ஒன்று, குழாயின் அழுத்தத்துக்கு ஒன்று, தண்ணீரின் சூட்டுக்கு ஒன்று, உள்ளே வரும் காற்றுக்கு ஒன்று, ஆக்சிலரேட்டர் பெடலுக்கு ஒன்று. இவற்றில் ஏதாவது ஒன்று நம்ப முடியாத எண்ணைச் சொன்னால் பெட்டி அதைக் குறித்து வைத்துக் கொள்ளும். குறிப்பின் வடிவம் ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும். பி என்றால் எஞ்சினும் கியரும், சி என்றால் சேஸிஸ், பி-க்கு இன்னொரு ஆங்கில ஒலி உண்டல்லவா, அந்த 'பாடி' எழுத்து என்றால் உடற்பகுதி, யூ என்றால் பெட்டிகளுக்கிடையே பேச்சுத் தொடர்பு. உதாரணமாக பவர்டிரெய்ன் பி-யோடு 0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. 0087 என்றால் குழாயில் டீசல் அழுத்தம் குறைவு. 0340 என்றால் கேம் சென்சார் சர்க்யூட். இந்தப் பொதுக் குறியீடுகள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே.

ரயில்வேயில் இதே மாறுதலை நான் டீசல் ஷெட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்களில் டிரைவரின் துணை, 'டிரபிள் ஷூட்டிங் டைரக்டரி' என்ற புத்தகமே. இன்ன அறிகுறி என்றால் இன்ன ரிலேயைப் பார், இன்ன காக்கைத் திற என்று அதில் வரிசையாக இருக்கும். 1999ல் டபிள்யூ.டி.ஜி.-4 வந்தபோது கேபினில் ஒரு திரை வந்தது. எந்த நேரத்தில் எந்தப் பழுது வந்தது என்பதைக் கம்ப்யூட்டரே எழுதி வைத்தது. ஷெட்டுக்கு வண்டி வந்ததும் முதலில் அதைப் படிப்பது வழக்கமாயிற்று. சிறு லாரியின் சாக்கெட்டும் அந்தத் திரையின் தம்பிதான்.

வாசல் இல்லாத வண்டி பட்ட பாடு

எங்கள் பகுதியில் நாமக்கல் பக்கத்து அன்பர் ஒருவர் சிறு லாரி வைத்திருக்கிறார். 1990களின் கடைசி மாடல். அதே கம்பெனியின் பிற்கால மாடலிலிருந்து காமன் ரெயில் எஞ்சினை வாங்கி ஏற்றி, அனுமதி பெற்று ஆர்.சி.யிலும் பதிந்து கொண்டார். நான்கு மாதம் நன்றாக ஓடியது. பிறகு சுமையோடு நெடுந்தூரம் போனால் எஞ்சின் திடீரென்று அணைய ஆரம்பித்தது. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும்.

இது வெறும் தொல்லை அல்ல. வண்டியின் பிரேக்குக்கு உதவும் வேக்யூம், எஞ்சின் சுற்றினால்தான் கிடைக்கும். எஞ்சின் நின்றால் ஓரிரண்டு மிதிக்குப் பின் பிரேக் பெடல் கல்லாகி விடும். இறக்கத்தில் அது நடந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மனைவி, அவர் வீடு திரும்பும் வரை தூங்குவதில்லை என்று என் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு பட்டறையில் டீசல் பம்ப்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். இன்ஜெக்டர்களைச் சர்வீஸ் செய்யச் சொன்னார்கள், செய்தார். நாற்பதாயிரத்துக்கு மேல் போயிற்று, குறை போகவில்லை. பட்டறைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்கேனரைச் செருக இடமே இல்லாத வண்டியில் அவர் கண்ணைக் கட்டிக் கொண்டு தேட வேண்டியிருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே ஏழெட்டு வயர்கள் டேப் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. சாக்கெட்டுக்குப் போக வேண்டிய வயர்களும் அந்தச் சுருட்டலில்தான் இருந்தன.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்த பக்கத்து வீட்டுப் பையனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையில் இறங்கினோம். செய்த முறையை வரிசையாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு அன்பர்களுக்குப் பயன்படும்.

சாக்கெட் வைக்கும் முறை

முதல் வேலை, எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த மாடலின் வயரிங் படம். லாரியின் படம் அல்ல, எஞ்சினின் பிறந்த வீட்டுப் படம். வயரின் நிறத்தை மட்டும் நம்பி இணைக்கக் கூடாது. வருடத்துக்கு வருடம் நிறம் மாறும். பெட்டியின் கனெக்டரில் எந்த எண் பின்னிலிருந்து வயர் புறப்படுகிறது என்பதை மல்டிமீட்டரால் தொட்டு உறுதி செய்ய வேண்டும்.

சாக்கெட்டில் மேல் வரிசையில் எட்டு, கீழ் வரிசையில் எட்டு, ஆகப் பதினாறு பின்கள். பதினாறும் தேவையில்லை. 4ஆம் பின் சேஸிஸ் எர்த். 5ஆம் பின் சிக்னல் எர்த். 16ஆம் பின் பேட்டரியின் பாசிட்டிவ். சாவியைத் திருப்பாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்க வேண்டும். 6ஆம் பின்னும் 14ஆம் பின்னும் 'கேன்' எனப்படும் இரட்டை வயர். 6 'ஹை', 14 'லோ'. 7ஆம் பின் 'கே லைன்' என்ற ஒற்றை வயர். சற்றுப் பழைய எஞ்சின்கள் கே லைனில் பேசும். புதியவை கேன் வயரில் பேசும். நம் எஞ்சின் எதில் பேசுகிறது என்பதைப் படம் சொல்லி விடும்.

16ஆம் பின்னுக்குப் போகும் வயரில் 5 அல்லது 10 ஆம்பியர் பியூஸ் அவசியம். அதைச் சாக்கெட் பக்கத்தில் வைத்துப் பயனில்லை; கரண்ட் புறப்படும் இடத்தில் வைக்க வேண்டும். இடையில் வயர் உரசி சேஸிஸில் பட்டால் பியூஸ் போக வேண்டுமே தவிர வண்டி தீப்பிடிக்கக் கூடாது.

எர்த் விஷயத்தில் பழைய லாரிகள் மிகவும் ஏமாற்றும். கேபின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும், போல்ட்டுகளில் துரு. டாஷ்போர்டில் ஏதோ ஒரு ஸ்குரூவில் எர்த் கொடுத்தால் விளக்கு எரியும், ஆனால் சிக்னல் தள்ளாடும். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் பட்டை எர்த் ஒன்று புதிதாகப் போட்டோம். 4ஆம் பின்னை நன்றாகச் சுரண்டிய சேஸிஸ் இரும்பிலும், 5ஆம் பின்னைப் பெட்டியின் எர்த் வயரோடும் இணைத்தோம். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுக் கொண்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் அந்தப் பின்களுக்கும் நடுவே வோல்ட் அளந்தோம். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று கொள்ளலாம்.

கேன் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும், ஏறக்குறைய அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. காரணம் எளிது. ஆல்டர்னேட்டர், ஹார்ன், ஸ்டார்ட்டர் எல்லாம் மின் இரைச்சல் கிளப்பும். முறுக்கிய இரு வயர்களிலும் அந்த இரைச்சல் சமமாக ஏறும். பெட்டி பார்ப்பது இரண்டு வயர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. ஆகவே சமமாக ஏறியது கழிந்து விடும். பிரதான வயரிலிருந்து சாக்கெட்டுக்கு வரும் கிளை ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்வது நல்லது.

இங்கேதான் எஞ்சின் மாற்றிய வண்டிக்கே உரிய ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கேன் வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி குழப்புவது போல் குழப்பும். பேட்டரியைக் கழற்றி விட்டு 6க்கும் 14க்கும் நடுவே அளந்தால், இரண்டு 120ம் பக்கவாட்டில் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். எங்களுக்குக் காட்டியது 120. அதாவது ஒரு முனை காணவில்லை. பிறந்த வீட்டுப் படத்தைப் பார்த்தால், இரண்டாவது ரெசிஸ்டர் அந்த வண்டியின் மீட்டர் போர்டுக்குள் இருந்திருக்கிறது. மீட்டர் போர்டு காயலான் கடைக்குப் போனபோது அதுவும் கூடப் போய் விட்டது. கடையில் ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் வாங்கி அந்த முனையில் வைத்தோம். மீட்டர் 60 காட்டியது. இதில் பூஜ்யம் காட்டினால் இரு வயரும் எங்கோ ஒட்டிக் கொண்டிருக்கின்றன. மீட்டர் அசையாவிட்டால் வயர் அறுந்திருக்கிறது அல்லது பெட்டி வரை போகவில்லை.

பேட்டரியை மாட்டிச் சாவியைப் போட்டபின் இன்னொரு சோதனை. இரு கேன் வயரிலும் எர்த்தைப் பொறுத்து ஏறக்குறைய இரண்டரை வோல்ட் வர வேண்டும். ஹை சற்றுக் கூட, லோ சற்றுக் குறைய. ஒன்றில் 12 வோல்ட் வந்தால் ஸ்கேனரைச் செருகவே கூடாது.

சாக்கெட்டை ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டடிக்குள், முழங்கால் இடிக்காத இடத்தில், சிறிய பிராக்கெட் அடித்து நிறுத்தினோம். இணைப்புகளைச் சால்டர் செய்வதைவிட நல்ல கிரிம்ப் போடுவது மேல். லாரியின் அதிர்வில் சால்டர் முடியும் இடத்தில் வயர் ஒடியும். எஞ்சின் விளக்குக்கும் ஒரு வயர் பெட்டியிலிருந்து வந்தது. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் பல்பு வைத்து அதையும் இணைத்தோம். அந்த விளக்கு இல்லாத வண்டியில் சாக்கெட்டைத் திறந்து பார்க்கும் எண்ணமே ஓட்டுபவருக்கு வராது.

வண்டி என்ன சொன்னது?

ஸ்கேனரைச் செருகியதும் பெட்டி பதில் சொன்னது. சேமிப்பில் இருந்தது கிராங்க் சென்சார் சர்க்யூட்டுக்கான 0335. அதைப் பார்த்து உடனே சென்சார் வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் குறியீடு சொல்வது 'சர்க்யூட்' என்று. அதில் சென்சாரும் உண்டு, வயரும் உண்டு, கனெக்டரும் உண்டு. எனவே நேரடி அளவுகளைத் திரையில் வைத்துக் கொண்டு, சுமையோடு ஒரு சுற்று போய் வந்தோம். எஞ்சின் சூடேறிய பின், வண்டி ஓடிக் கொண்டிருக்கும்போதே சுற்று வேகம் கணப் பொழுது பூஜ்யம் காட்டி மீண்டது. எஞ்சின் சுற்றுகிறது, பெட்டிக்குச் செய்தி போகவில்லை. அடுத்த முறை செய்தி நீண்ட நேரம் அறுந்தபோது எஞ்சின் நின்றது.

வண்டியை நிறுத்திச் சென்சார் வயரைத் தொடர்ந்து போனால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பிறந்த வண்டியில் அந்த வயருக்குத் தனி கிளிப் உண்டு. இந்தச் சேஸிஸில் அது இல்லாததால், வயர் தொய்ந்து எக்ஸாஸ்ட் குழாயின் அருகில் கிடந்தது. மேலுறை வெந்து கருகி, உள்ளே செம்பு இழைகள் பாதி ஒடிந்திருந்தன. சூட்டில் நீண்டால் தொடர்பு விடும், குளிர்ந்தால் சேரும். இருபது நிமிட ஓய்வின் ரகசியம் அதுவே. வயரை மாற்றி, வெப்பம் தாங்கும் உறை போட்டு, வேறு வழியாகக் கொண்டு போய் மூன்று இடத்தில் கிளிப் அடித்தோம். செலவு ஆயிரம் ரூபாய்க்குள். பம்ப்பும் இன்ஜெக்டரும் குற்றமற்றவை.

குறியீடு தீர்ப்பு அல்ல, அது சாட்சி. அழுத்தம் குறைவு என்ற 0087 வந்தால் பம்ப் போயிற்று என்று அர்த்தமில்லை. டீசல் பில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் காற்று இழுக்கலாம், இன்ஜெக்டர் அதிகமாகத் திருப்பி விடலாம். விலை குறைந்த காரணத்தை முதலில் பார்த்துக் கழிப்பதே முறை.

சில எச்சரிக்கைகள்

பெரிய லாரிகள் 24 வோல்ட். 12 வோல்ட்டுக்கான ஸ்கேனரை அதில் செருகினால் கருகும். அதற்காகவே 24 வோல்ட் சாக்கெட்டின் நடுப் பள்ளத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட் பிளக் உள்ளே போகாது. ஆகவே கடையில் கிடைத்த ஏதோ ஒரு சாக்கெட்டை வாங்கி 24 வோல்ட் வண்டியில் மாட்டுவது அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கி எறிவதாகும். பல கன ரக வண்டிகளில் ஒன்பது பின் கொண்ட வட்டச் சாக்கெட் இருக்கும். அதன் பாஷையும் ஜே 1939 என்ற வேறு வகை.

பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் பெட்டியின் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் கரண்ட் வழி தேடிப் போகும்போது பெட்டியைச் சாகடித்து விடும்.

எஞ்சின் வாங்கும்போதே பெட்டி, முழு வயரிங், பெடல், சாவி, இம்மொபிலைசர் எல்லாம் ஒரே வண்டியின் ஜோடியாக இருக்கிறதா என்று பாருங்கள். சாவியை அடையாளம் தெரியாத பெட்டி எஞ்சினை ஓட விடாது.

சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் கருவியை வண்டி நிற்கும்போது கழற்றி விடுங்கள். 16ஆம் பின்னில் எப்போதும் கரண்ட் உண்டு. பல நாள் நின்றால் பேட்டரி இறங்கும். பழுதைத் தீர்க்காமல் குறியீட்டை மட்டும் அழிப்பது, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைப்பது போன்றது. புகையைச் சுத்தம் செய்யும் பாகங்களைப் பிடுங்கி விட்டுப் பெட்டியை ஏமாற்றிக் கொடுப்பதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவது நம் பிள்ளைகளே.

சட்டம் சொல்வது

வயரிங் சரியாக இருந்து காகிதம் சரியில்லாவிட்டால் பயனில்லை. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியின்றி எஞ்சினோ வேறு எதுவோ மாறியிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் உள்ளவர்களுக்கு, அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை மாற்றிக் கொள்ள மாநில அரசு அதிகாரம் தரலாம். ஒற்றை லாரிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்பாகவே வாசித்தது. அதே வருடத்துத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் எண்ணைத்தான். எனவே எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விற்பவரிடம் பில்லும் பழைய வண்டியின் காகித நகலும் வாங்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேனர் சில சமயம் வண்டியின் அடையாள எண்ணையும் காட்டும். எஞ்சின் மாற்றிய லாரியில் அது பழைய வீட்டின் எண்ணையே காட்டும். அனுமதிக் கடிதமும் பில்லும் கையில் இருந்தால் யார் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்

ஆட்டோ நகரிலும் நாச்சாரத்திலும் கைத்திறன் மிக்க மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. காதால் எஞ்சினைப் படிப்பவர்கள் அவர்கள். மல்டிமீட்டரையும் வயரிங் படத்தையும் நிதானமாகப் படிப்பவர்கள்தான் குறைவு. நம் குடும்பங்களில் ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் படித்து விட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நல்ல மெக்கானிக்கின் பக்கத்தில் ஆறு மாதம் நின்றால், அவரிடமிருந்து இரும்பைக் கற்பார்கள், அவருக்கு மின்சாரத்தைக் கற்றுக் கொடுப்பார்கள். இருவருக்கும் பிழைப்பு உண்டு. தொடங்க வேண்டிய சாமான் அதிகமில்லை: ஒரு தரமான மல்டிமீட்டர், ஒரு கிரிம்பிங் கருவி, ஒரு நடுத்தர ஸ்கேனர், கை நிறையப் பொறுமை.

வண்டி வைத்திருப்போருக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். சாக்கெட் வைத்து முடித்ததும், எந்தப் பின்னுக்கு எந்த நிற வயர், எந்த இடத்தில் பியூஸ், எங்கே ரெசிஸ்டர், எந்த மாடல் எஞ்சின் என்பதை ஒரு தாளில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு டாஷ்போர்டின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். நள்ளிரவில் சூர்யாபேட்டையிலோ ஓங்கோலிலோ வண்டி நின்று, முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்க்கும்போது, அந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.